கை வலிக்கு ஹேண்டில்பாரை மாற்றும் முன்

நாங்குநேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காவல்கிணறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை. தினமும் நான்குவழிச் சாலையில் 125 சிசி வண்டியில் போய்வருகிறார். கொஞ்ச காலமாக வலது மணிக்கட்டில் வலி, இரண்டு முன்கைகளிலும் இறுக்கம், வீடு வந்து இறங்கும்போது விரல்கள் மரத்துப்போகின்றன. ஆனி பிறந்ததிலிருந்து அது கூடியிருக்கிறது. வள்ளியூரில் ஒரு கடையில் உயரமான ஹேண்டில்பார் ஒன்றைக் காட்டி, இதைப் போட்டால் வலி போய்விடும் என்றிருக்கிறார்கள். "போடலாமா அண்ணாச்சி, எத்தனை அங்குலம் உயர்த்த வேண்டும்?" என்பது கேள்வி.

கேட்டது உயரத்தைப் பற்றி. ஆனால் அவர் எழுதியிருப்பதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், தெரிய வேண்டியது வேறு. இந்த வலி வண்டியிலிருந்து வருகிறதா, வேலையிலிருந்து வருகிறதா? வண்டியிலிருந்து என்றால் அதில் எந்த இடத்திலிருந்து? அது தெரியாமல் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று நான் சொன்னால் அது குத்துமதிப்பு வைத்தியம்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், தவணை வசூலுக்குப் போகிறவர்கள், பால்காரர்கள், கூரியர் பையன்கள் என்று நாள் முழுவதும் வண்டியிலேயே இருப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். கை வலி அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஊரில் ஒரு பிசியோதெரபிஸ்ட், தன்னிடம் கை வலி என்று வருகிறவர்களில் வண்டிக்காரர்களை வண்டியோடு என் பட்டறைக்கு அனுப்பிவைப்பார். உடம்பைப் பற்றி இங்கே நான் சொல்வதில் பெரும்பகுதி அவரிடமிருந்து கற்றது. வண்டியைப் பற்றிச் சொல்வது என் கைப்பழக்கம். இரண்டையும் குழப்பாமல் சொல்ல முயல்கிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். புது ஹேண்டில்பார் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன் லிவர்களின் கோணம், இப்போது இருக்கும் ஹேண்டில்பார் கிளாம்பில் (அதை வண்டியோடு இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பில்) உட்கார்ந்திருக்கும் விதம், வயர்கள், சீட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றைச் சரிசெய்தபோதே பெரும்பாலானவர்களுக்கு வலி அடங்கியதைத்தான் நான் கண்டிருக்கிறேன். இந்த வேலைகளுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சிலவற்றுக்குச் செலவே இல்லை.

மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளுக்கும் ஒரு தசைநாருக்கும் நடுவே குறுகலான ஒரு பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அந்த வழியாகத்தான் உள்ளங்கைக்குப் போகின்றன. மணிக்கட்டு நேராக இருக்கும்போது அங்கே நெருக்கடி குறைவு. கையைப் பின்பக்கமாக, போலீஸ்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லும் விதமாக, மடக்கினால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இது மருத்துவத்தில் அளந்து உறுதி செய்யப்பட்ட விஷயம். வண்டி ஓட்டும்போது அந்த மடக்கலோடு இன்னும் மூன்று சேர்கின்றன: உடம்பின் எடை உள்ளங்கையில் இறங்குவது, கிரிப்பை இறுக்கிப் பிடிப்பது, அதிர்வு. ஹேண்டில்பாரை உயர்த்தினால் எடை மட்டும் ஓரளவு குறையும். மடக்கலும் இறுக்கமும் அதிர்வும் அப்படியே இருக்கும். சில நேரம் மடக்கல் கூடவும் செய்யும். வள்ளியூர்க் கடையில் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எடை உங்கள் கையில் எவ்வளவு இறங்குகிறது என்பதை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். சமதளத்தில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். வேலைக்குப் போகும் அதே ஷூ, அதே சட்டை, அதே பை. சாலையில் உட்காரும் விதமாகவே உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து, கிரிப்பைப் பிடியுங்கள். இப்போது முதுகை அசைக்காமல் இரண்டு உள்ளங்கைகளையும் கிரிப்பிலிருந்து ஓர் அங்குலம் மேலே தூக்குங்கள். உடம்பு அப்படியே நின்றால் நல்லது. முன்னால் சாய்ந்து விழப்போனால், இத்தனை நாளும் உங்கள் மணிக்கட்டுகள்தான் உடம்பைத் தாங்கியிருக்கின்றன. இந்தச் சோதனையை ஓடும் வண்டியில் செய்து பார்க்க வேண்டாம்.

இனி லிவர். கம்பெனியிலிருந்து வரும் வண்டிகளில் கிளட்ச் லிவரும் பிரேக் லிவரும் எல்லோருக்கும் பொதுவான ஒரு கோணத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஐந்தடி மனிதருக்கும் ஆறடி மனிதருக்கும் அது ஒன்றேதான். லிவர் தேவைக்கு மேல் தூக்கியிருந்தால், அதன்மேல் விரல் வைப்பதற்காக ஒவ்வொரு முறையும் புறங்கை மேலே எழும்பும், மணிக்கட்டு பின்னால் மடங்கும். நான்குவழிச் சாலையில் இரண்டு விரலை எப்போதும் பிரேக் லிவரில் வைத்து ஓட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அவர்களுக்கு அந்த மடக்கல் பயணம் முழுவதும் நீடிக்கிறது.

சரிபார்க்க இன்னொருவர் துணை வேண்டும். முன்பு சொன்னபடி உட்கார்ந்து, கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, முழங்கையைச் சற்று மடித்து, கிரிப்பைப் பிடியுங்கள். விரல்களை மட்டும் முன்னால் நீட்டுங்கள். பக்கத்தில் நிற்பவர் உங்கள் முழங்கை, மணிக்கட்டு, நடுவிரலின் அடிக்கணு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பார்க்கட்டும். அந்தக் கோட்டை நீட்டினால் அது போய்ச் சேரும் இடத்தில் லிவர் இருக்க வேண்டும். விரல்கள் லிவருக்குக் கீழே போய் முட்டினால் லிவர் உயரமாக இருக்கிறது என்று பொருள். காற்றில் நீண்டு லிவருக்கு மேலே நின்றால், அது மிகவும் இறங்கியிருக்கிறது.

மாற்றுவது எளிது. முதலில் மார்க்கர் பேனாவால் லிவர் ஹோல்டரும் ஹேண்டில்பாரும் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். சரிவராவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப அது உதவும். ஹோல்டரின் போல்ட்டுகளைக் கழற்றாமல் தளர்த்துங்கள். கையால் திருப்பினால் நகரும் அளவுக்கு மட்டும் போதும். கோட்டிலிருந்து 1 மில்லிமீட்டர், அதிகம் போனால் 2 மில்லிமீட்டர் திருப்பி இறுக்கி, மறுபடி உட்கார்ந்து பாருங்கள். 1 மில்லிமீட்டர் என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளின் ஹேண்டில்பார் குழாய் 22 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதன் சுற்றளவு ஏறக்குறைய 69 மில்லிமீட்டர். அப்படியானால் குழாயின் மேல் 1 மில்லிமீட்டர் நகர்வு என்பது 5 டிகிரிக்கும் சற்று அதிகம். 2 மில்லிமீட்டர் என்றால் 10 டிகிரி. மணிக்கட்டுக்கு அது பெரிய வித்தியாசம்.

மூன்று எச்சரிக்கைகள். கண்ணாடி லிவர் ஹோல்டரிலேயே பொருத்தப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து திரும்பிவிடும். வண்டியை எடுக்கும் முன் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளுங்கள். முன் டிஸ்க் பிரேக் என்றால் லிவருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். ஹேண்டில் நேராக நிற்கும்போது அது ஏறக்குறைய மட்டமாக நிற்க வேண்டும். அதைச் சாய்த்து வைத்தால் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, பிரேக் லைனுக்குள் காற்று புகும் ஆபத்து உண்டு. மூன்றாவது, சில வண்டிகளில் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு முள் இருக்கும். அது ஹேண்டில்பாரில் உள்ள துளைக்குள் உட்கார்ந்திருக்கும். திருப்ப முடியவில்லையே என்று அந்த முள்ளை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். அது கூடாது. முள் போனால், ஓடும்போது சுவிட்ச் பெட்டி நழுவித் திரும்ப வாய்ப்பிருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஹேண்டில்பாரையே திருப்புவதுதான் வழி.

ஹேண்டில்பாரைத் திருப்ப, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை மேலே சேர்த்துப் பிடிக்கும் தட்டைப் பாருங்கள். அங்கே இரண்டு கிளாம்புகளும் நான்கு போல்ட்டுகளும் இருக்கும். ஹேண்டில்பாரில், கிளாம்பின் ஓரத்தை ஒட்டி, பஞ்ச் அடித்த ஒரு சிறு புள்ளி தெரியும். கம்பெனி வைத்த இடம் அது. ஏற்கெனவே யாராவது ஹேண்டிலைத் திருப்பியிருந்தால் புள்ளி கிளாம்பின் கோட்டிலிருந்து விலகி நிற்கும். கைமாறி வந்த வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வலிக்குக் காரணம் அதுவாகவே இருந்து, புள்ளியைக் கோட்டுக்குக் கொண்டுவந்ததோடு வேலை முடிந்ததும் உண்டு. சாதாரணமாக மேலெழும்பிப் பின்னால் வளைந்த ஹேண்டில்பாரை ஓட்டுகிறவர் பக்கம் திருப்பினால் கிரிப் அருகே வரும், கொஞ்சம் இறங்கும், அதன் வெளிமுனை தாழும். முன்பக்கம் திருப்பினால் தூரம் போகும், சற்று ஏறும். கிளாம்பில் 10 டிகிரி திருப்பினால், வளைவின் அளவைப் பொறுத்து கிரிப் ஓர் அங்குலம் வரை நகரும். கடையில் காட்டிய புது ஹேண்டில்பார் தரப்போகும் மாற்றத்தில் பாதி இதிலேயே கிடைத்துவிடும்.

இறுக்கும்போது முறை உண்டு. பல வண்டிகளில் மேல் கிளாம்பிலும் ஒரு புள்ளி இருக்கும். அது முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். முன் போல்ட்டுகளை முதலில் முழுமையாக இறுக்கி, பிறகு பின் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். வேறு சில வண்டிகளில் முன்னும் பின்னும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்பது சர்வீஸ் கையேட்டில் இருக்கும். இறுக்கும் அளவும் அதிலேயே இருக்கும். காற்றாலையில் டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் ஸ்பானர்) பிடிக்கிறவருக்கு அதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. இறுக்கியபின் ஹேண்டிலை இருபுறமும் முழுக்க ஒடித்து, கட்டைவிரல் டேங்க்கில் நசுங்குகிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் ஒரே குழாயாக வரும் ஹேண்டில்பாருக்குத்தான் பொருந்தும். ஆர்15 போல ஒவ்வொரு ஃபோர்க்கிலும் தனித்தனியாகப் பிடித்திருக்கும் கிளிப்-ஆன் வகையில் கோணத்தை மாற்ற அநேகமாக வழியில்லை. ஸ்கூட்டரிலும் இல்லை. அங்கே லிவரும் சீட்டும் உட்காரும் முறையும்தான் கைவசம் உள்ளவை.

உங்களுக்கு வலது கையில் வலி அதிகம் என்பதால் ஆக்ஸிலேட்டரைத் தனியாகப் பேச வேண்டும். பெரும்பாலோர் ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது மணிக்கட்டு நேராக இருக்கும்படி பிடிக்கிறார்கள். பட்டறையில் உட்கார்ந்து பார்க்கும்போது அது வசதியாகத்தான் இருக்கும். சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு முறுக்கியதும் மணிக்கட்டு கீழே இறங்கிப் பின்னால் மடங்கிவிடும். நாங்குநேரியிலிருந்து காவல்கிணறு வரை நிறுத்தமே இல்லாத சாலையில் அந்த மடக்கல் அப்படியே தொடரும். ஆகவே தலைகீழாக யோசிக்க வேண்டும். நீங்கள் வழக்கமாக ஓடும் வேகத்தில் மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். அதற்கு, வேகம் பிடித்தபின் கிரிப்பை ஒரு கணம் தளர்த்தி, புறங்கை சற்று உயரும்படி மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பழக்கம், கருவி எதுவும் தொடாமலே, இரண்டு வாரத்தில் பலன் காட்டியதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஆக்ஸிலேட்டர் கனமாக இருந்தால் பழக்கம் மட்டும் போதாது. கிரிப்புக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாயில் மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து கெட்டியாகும். காவல்கிணறு காற்றில் பறக்கும் செம்மண் தூளுக்கு அது சீக்கிரமே நடக்கும். கழற்றி, துடைத்து, உலர்வாகவோ மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடோ பொருத்தினால் போதும். கிரிப்பின் விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை வெற்று அசைவு இருப்பதுதான் பல வண்டிகளுக்குச் சரியான அளவு. முறுக்கி விட்டால் தானாகப் படக்கென்று மூட வேண்டும். ஹேண்டிலை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அப்படியே மூட வேண்டும்.

கிளட்ச்சைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முன்னீர்பள்ளம் பக்கத்துப் பால்காரர் ஒருவர் இடது மணிக்கட்டில் கட்டுப்போட்டுக்கொண்டு வந்தார். அவரும் ஹேண்டில்பாரை மாற்றத்தான் கேட்டார். லிவரை ஒருமுறை பிடித்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: அது பாதியில் ஓர் இடத்தில் சொரசொரவென்று தடுத்துப் பிறகு வழிவிட்டது. வயர் ஹெட்லைட்டுக்குப் பின்னால் இயல்பாக வளைந்து போகாமல் ஒரு பிராக்கெட்டுக்கு அடியில் நசுங்கிப் போயிருந்தது. எங்கோ ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டியபோது நடந்திருக்க வேண்டும். வயரை வெளியே இழுத்தபோது, லிவர் முனைக்குச் சற்றுக் கீழே எஃகு இழைகளில் சில அறுந்து, முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஊரெல்லாம் நின்று நின்று பால் ஊற்றுகிறவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை கிளட்ச் பிடித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். புது வயர் போட்டு, சரியான பாதையில் விட்டு, லிவரின் அச்சு போல்ட்டுக்குக் கிரீஸ் வைத்து அனுப்பினேன். ஹேண்டில்பாரை நான் தொடவே இல்லை. அடுத்த மாதம் கட்டு இல்லாமல் வந்தார்.

ஆகவே உங்கள் கிளட்ச்சையும் பிடித்துப் பாருங்கள். நான்கு விரல் போட்டு இழுக்க வேண்டியிருந்தால் வயரைப் பாருங்கள். லிவரின் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வெற்று அசைவு பெரும்பாலான வண்டிகளுக்கு உரிய அளவு. லிவர் தளரட்டும் என்று அதற்கு மேலும் விட்டால், கிளட்ச் முழுதாகப் பிரியாமல் கியர் முரண்டு பிடிக்கும், கைக்கு வேலை கூடும்.

சீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உள்ளங்கைக்கு எடையை அனுப்புவது பல வண்டிகளில் அதுதான். நாள்பட்ட சீட்டில் ஸ்பாஞ்ச் நடுவில் அமுங்கி, முன்பக்கம் சரிவாகிவிடும். அதன்மேல் வழுவழுப்பான ரெக்ஸின் உறை மாட்டினால் ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு டேங்க்கை நோக்கி வழுக்கும். நீங்கள் கையை ஊன்றிப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறீர்கள், உங்களுக்கே தெரியாமல். சீட் தைக்கிறவரிடம் சொல்லி முன்பக்கத்தைச் சற்று மேடாக்கி, பிடிப்புள்ள துணியுறை போடச் சொல்லுங்கள். முழங்கால்களால் டேங்க்கை லேசாக அணைத்து உட்காருங்கள். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் உயர்ந்த படியில் வைக்கப்பட்டிருந்தால், தனியாக ஓட்டும்போது வண்டியின் பின்பக்கம் தூக்கி நின்று முன்னால் தள்ளும். அதையும் ஒரு படி இறக்கிப் பார்க்கலாம்.

விரல் மரத்துப்போகிறது என்றால் அதிர்வையும் சந்தேகிக்க வேண்டும். ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் இருக்கும் இரும்பு எடைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. எஞ்சின் அதிர்வோடு குழாய் சேர்ந்து அதிராமல் இருக்க வைத்தவை. விழுந்த வண்டியில் ஒரு பக்கத்து எடை கழன்றுபோய், அந்தப் பக்கக் கை மட்டும் மரத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். அவை இரண்டும் இருக்கின்றனவா, இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள், செயினின் தொய்வு, முன் டயரில் தேவைக்கு மேல் காற்று ஆகியவையும் அதே வரிசையில் வரும். டயர் காற்றழுத்தத்தைச் சீட்டுக்கு அடியிலோ செயின் கவரிலோ ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள். காற்றடிக்கும் பையனின் கணக்குக்கு விடாதீர்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கிரிப் கூசினால், 5 கிலோமீட்டர் கூட்டியோ குறைத்தோ ஓடிப் பாருங்கள்.

கெட்டியான ஸ்பாஞ்ச் கிரிப், ஜெல் வைத்த கையுறை, கிரிப்பில் மாட்டும் உள்ளங்கைத் தாங்கி ஆகியவற்றைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது கொஞ்சம்தான். சிலருக்கு நன்றாக உதவியிருக்கின்றன. சிறிய கை உள்ளவருக்குத் தடித்த கிரிப் பிடிக்கும் சிரமத்தைக் கூட்டி, முன்கை வலியை அதிகமாக்கியும் இருக்கிறது. உள்ளங்கைத் தாங்கியை டவுனுக்குள்ளும் வண்ணார்பேட்டை நெரிசலிலும் வைத்து ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அவசரத்தில் கை பட்டால் வண்டி பாய்ந்துவிடும்.

ஆனியிலிருந்து கூடியது என்கிறீர்களே, அதை நான் லேசாக விடவில்லை. தென்மேற்குப் பருவக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு வருவதால்தான் அங்கே காற்றாலைகளே நிற்கின்றன. பணகுடியைத் தாண்டினால் அந்தக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். லாரி ஒன்று தாண்டும்போது ஒரு கணம் காற்று நின்று, மறுகணம் மொத்தமாக அடிக்கும். பயத்தில் எவருக்கும் பிடி இறுகும். இறுகிய பிடியில் முன்கைத் தசை இளைப்பாறவே முடியாது. இன்னொன்றும் இருக்கலாம். காலையில் தெற்கே போகும்போது காற்று உங்கள் வலப்பக்கம். அதை எதிர்த்து வண்டியை வலப்பக்கம் சாய்த்து வைக்க, வலது கிரிப்பை விடாமல் முன்னால் தள்ளிக்கொண்டிருப்பீர்கள். ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருப்பதும் அதே கைதான். வலது மணிக்கட்டு மட்டும் அதிகம் நோவதற்கு இது காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது என்னவோ தெளிவு: அந்தப் பகுதியில் வேகத்தைக் குறையுங்கள், முழங்காலால் டேங்க்கை அணையுங்கள், முழங்கையை மடித்துத் தளர்த்துங்கள். ஹேண்டில் உங்கள் கைக்குள் கொஞ்சம் அசையட்டும். உயரமான ஹேண்டில்பார் போட்டால் நெஞ்சு நிமிர்ந்து காற்றை முழுதாக வாங்கும் என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். ஆடிக் காற்றில் அது உங்களுக்குப் பாதகம்.

ஒரு கையில் மட்டும் வலி என்றால் வண்டி எப்போதாவது விழுந்ததா என்பதையும் யோசியுங்கள். சக்கரம் நேராக ஓடும்போது ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பி நின்றால், ஒன்று ஹேண்டில்பார் வளைந்திருக்கிறது, அல்லது ஃபோர்க் கிளாம்புக்குள் முறுகியிருக்கிறது. வளைந்த குழாயை அடித்து நிமிர்த்திப் போடாதீர்கள். அந்த இடத்தில் உலோகம் பலவீனமாகிவிடும். அதே மாடலுக்கான புதிய ஹேண்டில்பாரை வாங்கிப் போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சென்டர் ஸ்டாண்ட் சோதனையில் உடம்பு முன்னால் விழுகிறது, நீங்கள் உயரமானவர், கை எட்டவில்லை என்றால் உயர்த்துவதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ஓர் அங்குலத்துக்குள் தொடங்குங்கள். ஹேண்டில் உயர்ந்தால் கிளட்ச் வயர், ஆக்ஸிலேட்டர் வயர், பிரேக் ஹோஸ், மின்கம்பிகள் எல்லாமே இழுபடும். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒடியுங்கள். எஞ்சின் சத்தம் கொஞ்சம்கூட ஏறக் கூடாது. ஏறினால் ஆக்ஸிலேட்டர் வயர் இழுபடுகிறது. வளைவில் திரும்பும்போது வண்டி தானாக வேகமெடுக்கும், அதில் உயிரே போகலாம். பிரேக் ஹோஸ் எந்த நிலையிலும் விறைத்து நிற்கக் கூடாது. சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனியின் மூல வடிவமைப்போடு பொருந்தாதபடி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஹேண்டில்பார் அதில் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. சாலையோரத்தில் அந்த வாதத்தில் நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

கடைசியாக உங்கள் வேலை. கோபுரத்துக்குள் ஏணி ஏறுகிறீர்கள், பெரிய போல்ட்டுகளை இறுக்குகிறீர்கள், அநேகமாக அதிரும் கருவிகளையும் பிடிக்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002-இல் வந்த ஒரு சட்டம், தொழிலாளியின் கைக்கு 8 மணி நேரக் கணக்கில் எவ்வளவு அதிர்வு போகலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது: வினாடிச் சதுரத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது. அந்த அளவுக்கு இதைப் பெரிதாக எடுக்கிறார்கள். பகல் முழுக்கக் களைத்த கையோடுதான் நீங்கள் மாலையில் வண்டியைப் பிடிக்கிறீர்கள். ஆகவே ஒரு சோதனை. நான்கைந்து நாள் பஸ்ஸில் வேலைக்குப் போய்ப் பாருங்கள். வலி தணிந்தால் வண்டியைச் சந்தேகிக்கலாம். தணியாவிட்டால் நான் சொன்ன ஸ்பானர் வேலை எதுவும் முழுப் பலன் தராது.

மரத்துப்போவதில் எந்த விரல் என்பது முக்கியம் என்று அந்தப் பிசியோதெரபிஸ்ட் எப்போதும் சொல்வார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டு நடுவே போகும் நரம்பு. சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் என்றால் வேறு நரம்பு, உள்ளங்கையின் ஓரத்தில் கிரிப் அழுத்தும் இடத்திலோ முழங்கையிலோ நெருக்கப்படலாம். கழுத்திலிருந்தும் வரலாம். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு எளிதில் நெருக்கப்படும். இதில் எது உங்களுக்கு என்று சொல்வது என் வேலை இல்லை. இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால், கையில் பிடித்த டம்ளர் நழுவினால், கட்டைவிரல் அடியிலுள்ள சதை மெலிந்தால், வண்டியைப் பட்டறையில் விடும் முன் மருத்துவரிடம் போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலோ வேறு எங்கோ, நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் தம்பி. எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். இந்த வாரம் லிவரும் ஆக்ஸிலேட்டர் பிடியும். அடுத்த வாரம் வயர்கள், முனை எடைகள், டயர் காற்று. அதற்கடுத்து ஹேண்டில்பார் புள்ளி, சீட். தொட்ட போல்ட்டுகளை இரண்டு நாள் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கம் பாருங்கள். பிறகும் வலி இருந்தால் மீண்டும் எழுதுங்கள். வண்டி எந்த மாடல், உங்கள் உயரம், புள்ளி கிளாம்பின் கோட்டில் நிற்கிறதா, எந்த விரல்கள் மரத்துப்போகின்றன, பஸ்ஸில் போன நாட்களில் கை எப்படி இருந்தது ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். அதன்பிறகு எத்தனை அங்குலம் என்று பேசுவோம்.